வெந்தய வரியனுக்கு எருக்கு விதை
சித்தன்னவாசல் குன்றடியில் யாரும் நடாமல் வளரும் ஒரு செடியும், அதை நம்பி வாழும் பட்டாம்பூச்சியும்

பட்டாம்பூச்சிகள் வந்து போக வேண்டும் என்று விரும்பித் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பூவிலிருந்தே தொடங்குகிறார்கள். இட்லிப்பூவும் உன்னியும் சாமந்தியும் நட்டு, அவற்றின் தேனை நாடி வரும் பூச்சிகளைக் கண்டு நிறைவடைகிறார்கள். தேன் பறக்கும் பூச்சிக்கு உணவாகுமே தவிர, அடுத்த தலைமுறையை உருவாக்கப் போதாது. ஏனெனில் முட்டையிலிருந்து வெளிவரும் புழு இலையைத் தின்றே வளர்கிறது, அதுவும் தன் இனத்துக்கு உரிய ஒருசில செடிகளின் இலையை மட்டுமே தின்கிறது. புழுவுணவுத் தாவரம் என்று குறிக்கப்படும் அத்தகைய செடி அருகில் இல்லாத தோட்டம், பட்டாம்பூச்சிக்கு வழிப்போக்கர் இளைப்பாறும் சத்திரமாக இருக்கலாம், குடியிருக்கும் வீடாகாது. தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் அந்த வீட்டைத் தருகிற செடிகளுள் முதன்மையானது, சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் தானாக முளைத்து, களையென்று வெட்டி எறியப்படும் எருக்கு.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து நிற்கும் சித்தன்னவாசல் குன்று, இந்தச் செடியின் இயல்பை அறிந்துகொள்ள ஏற்ற இடம். சுற்றிலும் செம்மண்ணும் சரளையும் பரவிய, ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றிடமிருந்து பெற்று, மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் இருந்து எழும் பாறைக்குன்று அது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறும் அறிவர் கோயில் என்னும் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும் மீன்களும் பறவைகளும் யானைகளும் தீட்டப்பட்டிருப்பதைக் காண மக்கள் வருகிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சமண முனிவர் தங்கியதற்குச் சான்றாக குன்றின் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் வழவழப்பாக்கிய கற்படுக்கைகளும் தமிழி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. நடக்கும் இடத்தையும் அமரும் இடத்தையும் மயிற்பீலியால் மெல்லத் துடைத்து, சிற்றுயிர் எதுவும் நசுங்காமல் காப்பதைத் துறவின் கடமையாகக் கொண்ட மரபினர் வாழ்ந்த குன்றின் அடிவாரத்தில், புழுவுக்கென ஒரு செடியை விட்டுவைப்பது பொருந்தாத செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எருக்கு, தண்டையோ இலையையோ கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. முன்பு தனிக் குடும்பமாக எண்ணப்பட்ட இச்செடிகளைத் தாவரவியலாளர் இப்போது அரளியும் நித்தியகல்யாணியும் அடங்கிய அப்போசைனேசி என்னும் பெருங்குடும்பத்தின் ஒரு கிளையாகக் கொள்கின்றனர். வட அமெரிக்காவில் இக்கிளையைச் சேர்ந்த அஸ்கிளெப்பியஸ் செடிகளே மொனார்க் என்னும் புகழ்பெற்ற வலசைப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு ஒரே உணவு. விளைநிலங்களில் களைக்கொல்லி பரவி அச்செடிகள் அருகியதும் மொனார்க்கின் எண்ணிக்கை சரிந்ததும் அங்கே பெருங்கவலையாக எழுந்து, வீட்டு முற்றங்களில் அவற்றை விதையிட்டு வளர்க்கும் இயக்கமே உருவாயிற்று. அந்த ஆர்வம் இங்கும் தொற்றி, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அஸ்கிளெப்பியஸ் குராசாவிகா என்னும் செடியை நாற்றுப்பண்ணைகளில் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். அதன் இலையை இங்குள்ள புழுக்களும் தின்னும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த மண்ணுக்கு உரிய எருக்கும் வேலிப்பருத்தியும் குறிஞ்சானும் வேலியோரத்தில் காத்திருக்கையில், கடல் கடந்து வந்த செடிக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை ஏதும் இல்லை.

மொனார்க்கின் நெருங்கிய உறவினமான வெந்தய வரியன் இங்கே எருக்கை நம்பி வாழ்கிறது. டானாஸ் கிரிசிப்பஸ் என்று 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இப்பூச்சி, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் காணப்படுவது. பழுத்த வெந்தயத்தின் நிறத்தை ஒத்த மஞ்சட்பழுப்புச் சிறகும், முன்சிறகின் கறுப்பு நுனியில் குறுக்காக ஓடும் வெண்திட்டுகளும், கறுப்பு விளிம்பும் கொண்டு, தரையிலிருந்து அதிக உயரம் எழாமல் அவசரமின்றிப் பறப்பது. பண்டை எகிப்தின் தீப்ஸ் நகரில் நெபாமுன் என்பவரின் கல்லறைக்கு ஏறத்தாழ கி.மு. 1350இல் தீட்டப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நீர்நிலை வேட்டைக் காட்சியில், நாணற்புதரின் மேலே பறக்கும் பட்டாம்பூச்சிகள் இந்த இனத்தவையே என்று அடையாளம் காண முடிகிறது. ஓவியர் ஒருவர் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அப்படி உற்றுப் பார்த்து வரைந்த பூச்சியை, அன்னவாசல் சாலையோர எருக்கம்புதரில் இன்றும் எளிதாகக் காணலாம் என்பது போற்றத்தக்க செய்தி.

நஞ்சை உண்டு நஞ்சாதல்

எருக்கம்பாலில் உள்ள கார்டினோலைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள். விலங்குகளின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இடைவிடாமல் இயங்குகிறது. நரம்பின் துடிப்பும் இதயத்தின் துடிப்பும் அதையே சார்ந்தவை. கார்டினோலைடு அப்புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதன் இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. மொனார்க், வெந்தய வரியன் முதலியவற்றின் முன்னோரில் அந்தப் புரதத்தின் அமைப்பு சிற்சில இடங்களில் மாறியதால், நஞ்சு ஒட்டும் பிடி தளர்ந்தது. மொனார்க்கில் காணப்படும் அம்மாற்றங்களுள் மூன்றைப் பழ ஈக்களின் மரபணுவில் திருத்திப் புகுத்தியபோது, அந்த ஈக்களும் கார்டினோலைடைத் தாங்கின என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நஞ்சைத் தாங்குவதோடு இப்பூச்சிகள் நிற்பதில்லை. புழுவாக இருக்கையில் தின்றதை உடலில் சேமித்து, கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து சிறகு முளைத்த பின்னும் காத்துக்கொள்கின்றன. மொனார்க்கைத் தின்ற நீல ஜே என்னும் பறவை ஒன்று வாந்தியெடுத்து, அதன் பின் அதே நிறப் பூச்சியைத் தொடவே மறுத்ததை அமெரிக்க உயிரியலாளர் லிங்கன் பிரோவர் 1960களில் சோதனையில் காட்டினார். உண்ட செடியைப் பொறுத்து நஞ்சின் அளவு கூடும், குறையும். ஆயினும் வெந்தய வரியனின் உரத்த நிறமும் நிதானமான பறத்தலும் தோல்போல் கெட்டியான உடலும், ஒருமுறை சுவைத்த பறவைக்கு மறுமுறை நினைவூட்டப் போதுமானவை. இந்தப் பாதுகாப்பை நஞ்சில்லாத இன்னொரு இனமும் பயன்படுத்திக்கொள்கிறது: ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்னும் பட்டாம்பூச்சியின் ஆண் கறுப்பு நிறத்தில் பெரிய வெண்பொட்டுகளோடு இருக்க, பெண் வெந்தய வரியனைப் போலவே நிறம் பூண்டு பறக்கிறது. ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் விளக்கிய போலியொப்புமை, அதாவது தீங்கற்ற உயிர் நஞ்சுள்ள உயிரின் தோற்றத்தை ஏற்றுப் பிழைப்பது, இதுவே. அதன் புழுவோ பருப்புக்கீரையைத் தின்று வளர்வது. ஆகவே கீரைப் பாத்தியும் எருக்கம்புதரும் அருகருகே உள்ள கொல்லையில் அசலையும் போலியையும் ஒருசேரக் காண வாய்ப்புண்டு.

புழுவின் வாழ்வை இலையின் அடிப்பக்கத்தில் பின்தொடரலாம். பெண்பூச்சி ஓர் இலையில் பெரும்பாலும் ஒரே முட்டையாக, வெண்முத்துப் போன்றதை ஒட்டிவிட்டுச் செல்கிறது. சில நாட்களில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்று, பிறகு இலைக்குத் திரும்புகிறது. வளர்ந்த புழுவின் உடலில் கறுப்பும் வெள்ளையுமான வளையங்களும் மஞ்சள் பொட்டுகளும், முன்னும் நடுவும் பின்னுமாக மூன்று இணைக் கரிய சதையிழைகளும் தெளிவாகத் தெரியும். கடித்த இடத்தில் பீறிடும் பால் வாயை ஒட்டவைத்துவிடக் கூடியதாகையால், தின்னும் முன் புழு ஒரு வேலை செய்கிறது: இளம்புழு இலைப்பரப்பில் வட்டமாக ஒரு வரப்பு கீறிப் பாலை வடியவிட்டு, அந்த வட்டத்துக்கு உட்பட்ட பகுதியை உண்கிறது, பெரிய புழு நடுநரம்பையே கடித்து, பால் வரத்து நின்று துவண்ட நுனியை உண்கிறது. எருக்கிலையில் வட்டத் துளைகளைக் கண்டால் அது நோயோ அழிவோ அல்ல, குடிவந்துவிட்டதன் அறிகுறி. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வளர்ச்சி முடிந்து, வெளிர்பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, பொன்மணி கோத்தது போன்ற வரியுடன் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். மேலும் ஒரு வாரம் பத்து நாட்களில் பூச்சி வெளிவரும்.

ஆண்பூச்சிகளுக்கு இன்னொரு தேவையும் உண்டு. பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்கும் மூலப்பொருளை அவை தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளின் வாடிய தண்டிலும் காய்ந்த காயிலும் இருந்து உறிஞ்சுகின்றன. பிடுங்கிப் போட்ட தேள்கொடுக்கின்மேல் வரியன்கள் கூட்டமாக அமர்ந்திருப்பது இதனால்தான். பூவுக்காக மட்டும் செடி நடுவோர் கணக்கில் இது ஒருபோதும் வருவதில்லை.

காயிலிருந்து கன்று வரை

எருக்கம்பூவில் விதை உண்டாவதே அரிய நிகழ்ச்சி. பூவின் நடுவே மகுடம்போல் எழும் ஐந்து மடல்களுக்கு இடையே, மகரந்தம் தூளாக இல்லாமல் மெழுகுப் பொதிகளாக இணை இணையாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்த இணையைப் பிடித்திருக்கும் நுண்ணிய கவ்வி, தேனருந்த வரும் பெரிய கருவண்டின் கால் மயிரில் மாட்டிக்கொண்டு வெளியே இழுபட்டு, அடுத்த பூவின் குறுகிய பிளவில் சரியாகச் செருகப்பட்டால்தான் காய் பிடிக்கும். பூங்கொத்துக் கொத்தாக இருந்தும் காய் ஒன்றிரண்டாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வரியனுக்கு இலை தருவது எருக்கு. எருக்குக்கு விதை தருவதில் பெரும்பங்கு கருவண்டினுடையது. வண்டு கூடு குடையும் பட்ட மரக்கிளைகளையும் சேர்த்து விட்டுவைத்தாலொழிய இந்தச் சுற்று நிறைவடையாது.

விதை சேகரிப்பில் காலமறிதல் முக்கியம். பச்சைக் காயைப் பறித்துப் பிளந்தால் உள்ளே விதைகள் வெளுத்துச் சதைப்பற்றாக இருக்கும், முளைக்காது. காய் மஞ்சளோடிப் பழுப்பேறி, முதுகின் தையல் விரியத் தொடங்கும் நாளே ஏற்றது. ஒரு நாள் தாமதித்தாலும் பஞ்சு விரிந்து காற்று கொண்டுபோய்விடுமாதலால், முற்றும் காயின்மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டிவைப்பது நல்லது. திறந்த காய்க்குள் தட்டையான பழுப்பு விதைகள் மீன்செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் பட்டிழைக் கற்றை சீவியதுபோல் படிந்திருக்கும்; பஞ்சை ஒரு கையால் நுனியில் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் விதைகளை உருவிவிட்டால், பஞ்சு பறக்காமல் விதை தனியே உதிரும். சுருங்கியவற்றையும் துளையிட்டவற்றையும் ஒதுக்க வேண்டும்.

குளிர்நாடுகளின் அஸ்கிளெப்பியஸ் விதைகளுக்கு முளைக்கும் முன் பல வாரம் ஈரக்குளிரில் வைக்கும் பதப்படுத்தல் தேவை என்று அந்நாட்டுக் கையேடுகள் கூறும். அதைப் படித்துவிட்டு இங்கே எருக்கு விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது வீண்வேலை. வெப்பத்தில் பிறந்த விதை வெப்பத்திலேயே முளைக்கும். கோடையில் எடுத்ததை நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வைத்திருந்து, ஆடிப்பட்டத்தில் செம்மண்ணும் ஆற்றுமணலும் சரிபாதி கலந்து சிறிது மக்கிய சாணம் சேர்த்த பைகளில், விதையின் பருமனைக் காட்டிலும் சற்றே கூடுதலான ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைவிடும். முளை இலை இரண்டும் விரிவதற்கு முன்பே வேர் நேராகக் கீழிறங்கிவிடும் செடியாதலால், பை அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பதே முக்கியம். வேர் சுருண்ட கன்று நிலத்தில் தேறாது. நீர் தேங்கினால் தண்டு அழுகும். நான்கைந்து இணை இலைகள் வந்த கன்றை ஐப்பசியில் முதல் மழை நிலத்தை நனைத்ததும் நட்டுவிட்டால், பருவமழை முடிந்தபின் தண்ணீர் ஊற்றும் தேவை பெரும்பாலும் வராது.

கையுறையும் கவனமும் மட்டும் தவறக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால், பெரிய வலியின்றியே கருவிழி பாதித்துப் பார்வை மங்கக் கூடும். வலி இல்லை என்று அசட்டையாக இருப்பதே அதில் ஆபத்து. உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பள்ளிகளில் நடுவோர் இதை முதல் நாளே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இடத்தேர்விலும் ஓர் எச்சரிக்கை. பாறைப் பிளவிலும் கட்டுமான இடுக்கிலும் வேர்விட்டு அதை விரிசலாக்கக் கூடிய செடி எருக்கு. குகைக்கோயிலும் கற்படுக்கைகளும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளவை, அங்கே எந்தச் செடிக்கும் இடமில்லை. நடத் தகுந்தவை அடிவாரத்துப் புறம்போக்கு, வயல் மேடு, ஊருணிக் கரை, பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளிப்புறம் ஆகியவையே.

எருக்கால் தனித்து நிறைவாகாத பணியைக் கொடிகள் முடிக்கின்றன. இதய வடிவ இலையும் மென்முள் நிறைந்த இரட்டைக் காயும் கொண்ட வேலிப்பருத்தி, உத்தாமணி என்றும் பெயர் பெற்றது; கம்பிவேலியில் ஏற்றிவிட்டால் வெந்தய வரியனின் புழு அதையும் விரும்பி உண்ணும். நஞ்சறுப்பான் கொடி, கறுப்பு நரம்புகள் படர்ந்த வேறொரு வரியனுக்குரியது. கொடிப்பாலை என்றும் பெருங்குறிஞ்சான் என்றும் வழங்கும் கொடியில் நீல வரியன் முட்டையிடுகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேற்கு நோக்கியும் பெருங்கூட்டமாக வலசை போகும் தென்னிந்தியப் பட்டாம்பூச்சிகளுள் நீல வரியனும் ஒன்று. வெண்புள்ளிக் கருப்பன் என்னும் பட்டாம்பூச்சிக்கு நன்னாரியும் அரளியும் போதும். பாறைச்சரிவின் வெயிலில் நாற்கோணத் தண்டாக நிற்கும் கல்முளையானும் இதே பாற்செடிக் கிளையைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். அதுவும் வெந்தய வரியனின் உணவுப் பட்டியலில் உள்ளது.

இத்தகைய வளர்ப்பு முறையாக நடப்பதைக் காண விரும்புவோர், சித்தன்னவாசலிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஸ்ரீரங்கம் மேலூரை அடுத்துத் தமிழ்நாடு வனத்துறை 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குச் செல்லலாம். ஏறத்தாழ 25 ஏக்கர் காப்புக்காட்டில் அமைந்த அப்பூங்காவின் அடிப்படைக் கருத்தே தேன்செடிகளையும் புழுவுணவுத் தாவரங்களையும் சேர்த்து நடுவதுதான். ஆற்றங்கரையில் நீர்வளத்தோடு அரசு செய்ததைச் செம்மண் சரளையில் ஓர் ஊராட்சியோ ஒரு பள்ளியோ மிகச் சிறிய செலவில் செய்ய முடியும். ஏனெனில் இங்கே செடியும் பூச்சியும் ஏற்கெனவே இருக்கின்றன.

உண்மையான இடையூறு வேறிடத்தில் உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தின் காப்புக்காடுகளில் பெரும்பரப்பைத் தைலமரம் கொண்டுவிட்டது. தரிசுகளைச் சீமைக்கருவேலம் மூடுகிறது. சாலை விரிவும் வரப்போரக் களைக்கொல்லித் தெளிப்பும் எஞ்சிய ஓரங்களைச் சுத்தமாக்குகின்றன. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டுகிற, ரதசப்தமி அன்று எருக்கிலையைத் தலையில் வைத்து நீராடுகிற, முன்பு நாற்றங்காலுக்குத் தழையுரமாக அதை மிதித்த ஊரே, மற்ற நாட்களில் அதைக் குப்பைமேட்டுச் செடியாகப் பார்ப்பது வருத்தத்துக்குரியது. புல்லிய இலையுடைய எளிய எருக்கையும் தெய்வம் வேண்டாம் என்று தள்ளுவதில்லை என்னும் கருத்தைக் கபிலர் புறநானூற்றில் வைத்திருக்கிறார்.

நட்டபின் செய்ய வேண்டியது, பெரும்பாலும் செய்யாமல் இருப்பதுதான். செடியில் மஞ்சள் அசுவினி அப்பினாலும், நீலமும் மஞ்சளுமான எருக்கு வெட்டுக்கிளி இலையைக் கடித்தாலும் மருந்தடிக்கக் கூடாது, அடித்தால் முதலில் மடிவது வரியனின் புழு. புழுக்களில் ஒரு பகுதியை ஒட்டுண்ணி ஈயும் குளவியும் கொல்லும். அதையும் தடுக்கத் தேவையில்லை, புழு அளவுக்கு மீறிப் பெருகாமல் இருப்பது அவற்றால்தான். இலை முழுதும் போய்க் குச்சியாக நின்ற எருக்கும் மழைக்குப் பின் தழைத்துவிடும். புதர் மிகவும் முதிர்ந்து தடித்தால், கூட்டுப்புழு தொங்குகிறதா என்று கிளைகளின் அடியிலும் பக்கத்து வேலியிலும் பார்த்துவிட்டு, ஓர் ஆண்டு ஒரு பாதிப் புதர்களையும் மறு ஆண்டு மறு பாதியையும் மட்டுமே வெட்ட வேண்டும். வெட்டிய அடிமரத்திலிருந்து வெடிக்கும் இளந்தளிரைத்தான் பெண்பூச்சி முட்டையிட நாடி வரும்.